பேலஸ் மைதானத்திலிருந்து ஜோலார்பேட்டை வரை

இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. 2000இல் வந்த ஒலி மாசு விதிகளில் உள்ளது. கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் திருவிழாக் கமிட்டிக்காரர்களுக்கும் அந்த விதியின் மேல் தீராத வருத்தம். எனக்கோ அது செய்த உபகாரத்துக்கு அளவே இல்லை. உலகத்தின் எவ்வளவு பெரிய ராக் குழுவாக இருந்தாலும் பெங்களூர் பேலஸ் மைதானத்தில் பத்து மணிக்கு வாசிப்பை முடித்தாக வேண்டும். அங்கிருந்து ஜெயமகால் சாலை வழியாக வேகமாக நடந்தால் அரைமணி நேரத்தில் கண்டோன்மென்ட் ஸ்டேஷன். பத்தே முக்கால் வாக்கில் சென்னை மெயில் வந்து நிற்கும். அன்ரிசர்வ்டில் ஏறிவிட்டால் ஒரு மணி சுமாருக்கு ஜோலார்பேட்டையில் இறங்கிவிடலாம். கச்சேரி பதினொன்றரைக்கு முடிகிற ஊராக இருந்திருந்தால் ரூம் போட வேண்டும், அதற்குக் காசு வேண்டும். நான் போயிருக்கவே முடியாது.

2002லிருந்து 2012 வரை, பத்து வருடம், இப்படித்தான் போய்வந்தேன்.

ஆனால் கதை தொடங்கியது பெங்களூரில் அல்ல, எங்கள் ஊர் பஜாரில் இருந்த ரெக்கார்டிங் சென்டரில். தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கடை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, அறுபதா தொண்ணூறா என்று சொல்லிவிட்டு வந்தால், நாலு நாள் கழித்து கேசட் ரெடி. உறையின் மேல் பாட்டுப் பெயர்கள் கடைக்கார அண்ணனின் சாய்ந்த கையெழுத்தில் இருக்கும். ஊருக்கே இளையராஜாவைப் பதிந்து கொடுத்தவர் அவர். கடையின் மேல் தட்டில் மட்டும் யாரும் கேட்காத ஒரு பெட்டி ஆங்கில கேசட்டுகள். ஜோலார்பேட்டை ரயில்வே ஊர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்த ஊர். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு டிரைவர் வீட்டிலிருந்து வந்த பெட்டி அது.

எனக்கு அப்போது 12 வயது. இளையராஜா லிஸ்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கடையில் வேறு யாரும் இல்லை. அண்ணன் ஏதோ ஒன்றைச் சத்தமாக ஓடவிட்டிருந்தார். இரண்டு கிட்டார்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடின. குதிரை ஓடுவதுபோல ஒரு பேஸ். பாடகர் நடுநடுவே ஏதோ ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்தினார். அதற்குப் பதிலாகப் பின்னாலிருந்து பெரிய இரைச்சல் ஒன்று எழுந்தது. டேப் பழசாகித் தேய்ந்துபோய் வருகிற இரைச்சல் என்று நினைத்தேன்.

"அண்ணே, இரையுதே, டேப்பு போச்சா?"

"டேப்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. அது ஜனங்க."

அயர்ன் மெய்டன் குழு 1985இல் வெளியிட்ட 'லைவ் ஆஃப்டர் டெத்' ஆல்பம் அது. பெரும்பகுதி கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பதிவானது. பாடகர் கத்திய ஊர்ப் பெயரும் அதுதான். அந்த "ஜனங்க" என்ற சொல் என்னை விடவே இல்லை. இந்தப் பாட்டை எழுத்துக்கு எழுத்து தெரிந்த ஆயிரக்கணக்கான பேர் ஓரிடத்தில் நிற்கிறார்கள், அவர்களுடைய குரலும் பாட்டோடு சேர்ந்து பதிவாகியிருக்கிறது. எங்கள் ஊரிலோ இது தெரிந்தவர்கள் அண்ணனும் நானும் மட்டும்தான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து அண்ணன் எனக்கு ஒரு 60 கேசட் பதிந்து கொடுத்தார். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'ஹாலோட் பி தை நேம்'. ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டு. ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம்தானே? சோலோ உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது டேப் 'டக்'கென்று நின்றுவிடும். அடுத்து என்ன வருகிறது என்று எனக்குப் பல வருடம் தெரியாது. எழுந்து போய்ப் பக்கத்தை மாற்றிப் போடுவேன்.

முதல் கச்சேரி 2002 ஏப்ரல். ரோஜர் வாட்டர்ஸ். பிங்க் ஃபிளாய்டின் முக்கால்வாசிப் பாட்டுகளை எழுதியவர் பேலஸ் மைதானத்துக்கு வருகிறார் என்று பேப்பரில் பார்த்தபோது நான் காலேஜில் இருந்தேன். கூட வர ஆள் இல்லை. அண்ணனுக்கு அன்றைக்குக் கடையை விட முடியவில்லை. தனியாகப் போனேன். அம்மா எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தார். வாசலில் உணவுப்பொட்டலம் உள்ளே கூடாது என்றார்கள். மதில் ஓரம் உட்கார்ந்து நாலரை மணிக்கே சாப்பிட்டு முடித்துவிட்டு உள்ளே போனேன்.

அன்றைக்கு நான் எதிர்பார்க்காதது அமைதி. ராக் கச்சேரி என்றால் கூச்சல் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' தொடங்கியதும் என்னைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த நாலு சுர கிட்டார் அழைப்பு மைதானத்தின் மேல் வந்து தொங்கியது. மேடையில் ஸ்னோவி வைட் இருந்தார். எழுபதுகளிலேயே பிங்க் ஃபிளாய்ட் பயணங்களில் கூட வாசித்தவர். அந்தப் பாட்டு, குழுவைத் தொடங்கி வைத்துவிட்டு மனம் சிதைந்து விலகிப்போன சிட் பாரெட்டுக்கானது. நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டு நின்ற அந்த ராத்திரியில் பாரெட் கேம்பிரிட்ஜில் ஒரு வீட்டில் உயிரோடு இருந்தார், யாரையும் பார்க்காமல். நாலு வருடம் கழித்து, 2006இல்தான் இறந்தார். உயிரோடு இருக்கும் ஒரு மனிதனுக்கு இரங்கல் பாடுவதைப்போல இருந்தது. என் பக்கத்தில் நரைத்த தாடியோடு நின்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

அடுத்தது 2005 மார்ச், மார்க் நாஃப்ளர். இரண்டு வருடம் முன்னால் லண்டனில் மோட்டார் பைக் விபத்தில் தோள் எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து, பல மாதம் கிட்டார் தொடாமல் இருந்து, எழுந்து வந்திருந்தார். அவர் பிளெக்ட்ரம் பிடிப்பதில்லை. கட்டைவிரலும் இரண்டு விரல்களும்தான். 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' வாசிக்கும்போது திரையில் அந்த விரல்களை மட்டும் பெரிதாகக் காட்டினார்கள். வீணை வாசிப்பவர் விரலைப் பார்ப்பதுபோலவே பார்த்தேன். சதை தொட்டு எழும் ஓசைக்கு ஓர் ஈரம் உண்டு. பிளாஸ்டிக் துண்டால் அடித்தால் அது வராது.

இனி 2007க்கு வருகிறேன். இதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மார்ச் 17, சனிக்கிழமை. அயர்ன் மெய்டன் இந்தியாவில் முதல்முறையாக வாசித்த நாள். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் இந்தியாவுக்கு வருகிறார்கள். அன்றைக்கு அப்படி இல்லை. புகழின் உச்சத்தில் இருந்தபோது யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை, பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் வருவார்கள் என்று எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் இருந்தது. மெய்டன் அப்படி வரவில்லை. புது ஆல்பம் போட்டு, அதன் பயணத்தோடு முழு வீச்சில் வந்தார்கள். அண்ணன் அன்றைக்குக் கடையை மூடிவிட்டார். கேசட் வியாபாரம் அதற்குள் படுத்துவிட்டது. ரீசார்ஜ் கூப்பன்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பதைத் தாண்டியவர், பத்தொன்பது வயதுப் பையன்களோடு நாலு மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்றார். கௌஹாத்தியிலிருந்தும் ஷில்லாங்கிலிருந்தும் மூன்று நாள் பயணம் செய்து வந்த பையன்கள் எங்கள் முன்னால் நின்றார்கள். தரையில் பேப்பர் விரித்துத் தூங்கினார்கள். எங்கள் நாலு மணி நேரப் பயணத்தைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

முதலில் டெல்லியின் பரிக்ரமா வாசித்தார்கள். பிறகு மெய்டனில் பேஸ் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸ். பிறகு ஓர் இடைவேளை. மெய்டன் ரசிகர்களுக்கு ஒரு ரகசியக் குறிப்பு தெரியும்: மேடைக்கு வருவதற்குச் சற்று முன்னால் ஒலிபெருக்கியில் யுஎஃப்ஓ குழுவின் 'டாக்டர் டாக்டர்' பாட்டைப் போடுவார்கள். அதுவரை ஏதேதோ பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்தப் பாட்டின் முதல் கிட்டார் இழை கேட்டதும் மைதானம் முழுக்கச் சிலிர்த்தது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லவில்லை, சொல்ல நேரமில்லை, எல்லோரும் முன்னால் நகர்ந்தோம். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டத்தின் நடுவில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அடிதடி போலத் தெரியும். நெஞ்சு அழுந்தும். கால் சில நேரம் தரையில் படாது. முழங்கை விலாவில் படும். ஆனால் ஒருவன் கீழே விழுந்தால் அந்தக் கணமே நாலு கைகள் கீழே போகும். அவனைத் தூக்கி நிறுத்தி, முகத்தைப் பார்த்து, சரியா என்று தலையசைத்துக் கேட்டுவிட்டுத்தான் மறுபடியும் குதிப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுத்த விதி இல்லை. ஒரு செருப்பு தனியாகக் கிடந்தால் எடுத்து மேலே உயர்த்திக் காட்டுவார்கள், உரியவன் வந்து வாங்கிக்கொள்வான். அண்ணனின் மூக்குக் கண்ணாடி அன்றைக்கு அப்படித்தான் கைமாறிக் கைமாறித் திரும்பி வந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல்.

'ஃபியர் ஆஃப் த டார்க்' வந்தது. அந்தப் பாட்டின் தொடக்கத்தில் ஒரு கிட்டார் மெட்டு உண்டு. அதைக் கிட்டார் மட்டும் வாசிப்பதில்லை, கூட்டமும் வாயால் பாடும், வார்த்தையே இல்லாமல். அப்போதுதான் நான் என் காதில் அந்த இரைச்சலைக் கேட்டேன். பன்னிரண்டு வயதில் டேப் தேய்ந்துவிட்டது என்று நினைத்த அதே இரைச்சல். இந்த முறை அது என் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் என் தொண்டையிலிருந்தும் வந்தது. பாடகர் புரூஸ் டிக்கின்சன், லாங் பீச் என்று கத்திய இடத்தில் பெங்களூர் என்று கத்தினார். அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பாடவில்லை. இரண்டு கைகளையும் கூப்பி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்.

கடைசிப் பகுதியில் 'ஹாலோட் பி தை நேம்'. சோலோ ஏறியது. என் டேப் நின்றுபோகும் இடம் வந்தது. நிற்கவில்லை. மேலே போனது, இன்னும் மேலே போனது, இரண்டு கிட்டாரும் சேர்ந்துகொண்டன, வேகம் கூடியது, கடைசியில் எல்லாம் ஒரு பெரிய சுவர்போல எழுந்து விழுந்தது. முழுப் பாட்டையும் அதற்கு முன்னால் சிடியில் கேட்டிருக்கிறேன்தான். ஆனாலும் அன்றைக்குத்தான் அது எனக்கு முடிந்தது.

வெளியே வந்தபோது சாலையெங்கும் ஒரே பேச்சு. இந்தியா 191க்கு ஆல் அவுட். மறந்தே போயிருந்தோம்: அன்றைக்குத்தான் மேற்கிந்தியத் தீவில் உலகக் கோப்பையில் வங்கதேசத்தோடு ஆட்டம். கண்டோன்மென்ட் ஸ்டேஷன் டீக்கடையில் ரேடியோவைச் சுற்றி நின்றவர்களின் முகங்களெல்லாம் இருண்டிருந்தன. கறுப்புச் சட்டைக்காரர்கள் நாங்கள் மட்டும் வியர்வையில் நனைந்து, தொண்டை கட்டிப்போய், நிறைந்த முகத்தோடு நின்றோம்.

மெயில் ஜோலார்பேட்டைக்கு வந்தபோது ஒரு மணி. இறங்கினோம். எங்கள் பெட்டிக்கு இரண்டு பெட்டி தள்ளி இன்னொருவன் இறங்கினான். கறுப்பு டீ ஷர்ட். மார்பில் எடி, மெய்டன் உறைகளில் எல்லாம் இருக்கும் அந்தச் செத்த முகம். நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். பிளாட்பாரத்தில் வேறு யாரும் இல்லை.

"நீங்க... நம்ம ஊரா?" என்று கேட்டான்.

கோடியூர்க்காரன். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். சித்தப்பா மகன் கொடுத்த ஒரே ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு எட்டு வருடமாகத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஊரில் இதைக் கேட்பவன் தான் ஒருவன்தான் என்று அவனும் நினைத்திருக்கிறான். நடந்துகொண்டே பேசினோம். அந்த ஹாலோட் இருக்கிறதே என்று அவன்தான் தொடங்கினான்.

"என் டேப்புல சோலோ நடுவுலயே கட் ஆயிடும்ணா. இன்னிக்கித்தான் முழுசா..."

நான் நின்றுவிட்டேன். அண்ணனும் நின்றுவிட்டார். அவன் டேப்பும் அண்ணன் கடையில் பதிந்ததுதான். சித்தப்பா மகன் வந்து வாங்கிப்போனதை அண்ணன் மறந்திருந்தார். ஒரே ஊரில், ஒரே இடத்தில் அறுந்துபோகும் ஒரே பாட்டை, ஒருவரை ஒருவர் தெரியாமல் இரண்டு பேர் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அண்ணன் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்துவிட்டார். "அறுபதுல போட்டிருக்கக் கூடாதுப்பா, தொண்ணூறுல போட்டிருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஏலகிரி மலை இருட்டில் கறுப்பாக நின்றது. இந்தியா தோற்ற செய்தி காலையில்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு மூன்று பேராகத்தான் போனோம். ஜூனில் ஏரோஸ்மித், 59 வயதில் ஸ்டீவன் டைலர் அந்த மேடையில் ஓடிய ஓட்டம் மட்டும் நினைவில் நிற்கிறது. 2008 மார்ச்சில் மெகாடெத்தும் மெஷின் ஹெட்டும் ஒரே மேடையில். ஒரு கல்லூரி விழாவில் கொச்சியின் மதர்ஜேன். பைஜு தர்மஜன் கிட்டாரில் கமகம் இழைத்ததைக் கேட்டு அண்ணன், "நாயனம்பா இது" என்றார். அதைவிடச் சரியாக அந்த வாசிப்பைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை.

2009 பிப்ரவரி 15 அன்று மெய்டன் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை 'லைவ் ஆஃப்டர் டெத்' காலத்தையே திரும்பக் கொண்டுவரும் பயணம். எகிப்தியக் கோயில் போன்ற அதே மேடை. தொடக்கத்தில் அதே சர்ச்சில் உரை, 1940இல் பேசியது. எங்கள் மூன்று பேருக்கும் மனப்பாடமான குரல் அது. அண்ணன் டேப் தொடங்குவதே அதில்தான். ஆனால் பேலஸ் மைதானத்தில் அதைக் கேட்டபோது வேறு விதமாக இருந்தது. சர்ச்சில் இளவயதில் ராணுவ அதிகாரியாக இருந்தது இதே பெங்களூர் கண்டோன்மென்டில்தான், 1896லிருந்து. அங்கே கிளப்பில் அவர் கட்டாமல் போன 13 ரூபாய் பாக்கியை இன்றும் பதிவேட்டில் காட்டுகிறார்கள். 13 ரூபாய் போகட்டும். 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பசியில் செத்தபோது ஆட்சியில் இருந்தவர் அவர். பாட்டுக்காகச் சிறுவயதிலிருந்து நேசித்த ஒரு குரலை அன்றைக்கு முதல்முறையாக நெஞ்சு இறுகக் கேட்டேன். உரை முடிந்து கிட்டார் வெடித்ததும் குதித்தேன்தான். இரண்டும் உண்மை.

அன்றைக்குக் 'கிழ மாலுமி' பாட்டும் வந்தது. கோல்ரிட்ஜ் 1798இல் வெளியிட்ட கவிதையை எடுத்துச் செய்த, 13 நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. நடுவே கப்பல் காற்றில்லாமல் நின்றுபோகும் பகுதியில் இசையும் நின்றுபோகும். பேஸ் மட்டும் மெல்லத் துடிக்கும், பாய்மரக் கயிறு முனகும் ஓசை வரும். பத்திருபதாயிரம் பேர் நின்ற இடத்தில் ஓர் இருமல் சத்தம் கேட்டது. கோடியூர்க்காரன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

அதே வருடம் சென்னை ஐஐடியின் திறந்தவெளி அரங்கில் ஸ்வீடனின் ஓபெத் வாசித்தார்கள். சிமென்ட் படிகளில் உட்கார்ந்து, அடிவயிற்று உறுமலும் மெல்லிய கிட்டாரும் ஒரே பாட்டுக்குள் மாறி மாறி வருவதைக் கேட்டோம். நம் ஊர் மண்ணில் நான் கேட்ட மிக நல்ல கச்சேரி அதுதான்.

2010 மே 15, லாம்ப் ஆஃப் காட். நான் செய்த தவறு, வலப்பக்க ஸ்பீக்கர் கோபுரத்துக்கு நேர் முன்னால் மூன்று மணி நேரம் நின்றது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வலது காதில் 'ஙொய்' என்ற ரீங்காரம். முன்பெல்லாம் ஒருநாளில் போய்விடும். இந்த முறை போகவில்லை. இன்றும் ராத்திரி ஃபேனை நிறுத்தினால் கேட்கிறது. காது மருத்துவர் விளக்கிய கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் காது தாங்கும், ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100ஐத் தொட்டால் கால்மணி நேரம்தான். ராக் கச்சேரியில் 100 சாதாரணம். காதுக்குள் இருக்கும் மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. கச்சேரிக்குப் போகிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து மருந்துக்கடையில் நுரைப் பஞ்சு அடைப்பான் ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் போட்டால் சத்தம்தான் குறையும், இசை போய்விடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவே இன்னொரு செய்தியும் வந்தது. பாடகர் ரானி ஜேம்ஸ் டியோ இறந்துவிட்டார். ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் உயர்த்தும் அந்த மெட்டல் முத்திரையை உலகமெங்கும் பரப்பியவர். இத்தாலிய வம்சத்துப் பாட்டியிடமிருந்து கற்றதாகச் சொல்வார். அந்தப் பாட்டி கண் திருஷ்டி படாமலிருக்கத் தெருவில் அப்படிக் காட்டுவாராம். என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அட, நம்ம வீட்டுப் பாட்டி மாதிரியே இருக்காங்களே" என்றார். அதுவரை பிசாசு சின்னம் என்று என் டீ ஷர்ட்டைத் தனியாகத் துவைத்துக்கொண்டிருந்தவர், அதன் பிறகு எல்லாத் துணியோடும் போட்டார்.

மெட்டாலிகா 2011 அக்டோபர் 30. தீபாவளி முடிந்து நாலாம் நாள். அதற்கு இரண்டு நாள் முன்னால் குர்கானில் அவர்கள் வாசிக்க வேண்டியிருந்தது. கூட்டம் தடுப்பைத் தள்ளிக்கொண்டு போனதில் பாதுகாப்பு இல்லை என்று நிறுத்தினார்கள். ஆத்திரத்தில் சிலர் மேடையேறி உடைத்தார்கள். டிவியில் அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு ராத்திரி தூங்கவில்லை. பெங்களூரும் போய்விடுமோ என்ற பயம் ஒருபக்கம். இத்தனை வருடம் காத்திருந்துவிட்டு நம்மவர்களே இப்படிச் செய்துவிட்டார்களே என்ற வேதனை ஒருபக்கம். விழுந்தவனைத் தூக்குகிற கைகளைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன்.

பெங்களூரில் நடந்தது. சேற்றில் கணுக்கால் புதைய நின்றோம். இந்த முறை நாலு பேர்: அண்ணன் தன் மகளைக் கூட்டிவந்திருந்தார். 14 வயது, பரதம் கற்றுக்கொண்டிருந்த பெண். காதில் அடைப்பான் வைத்தாயிற்றா என்று நான் இரண்டு முறை பார்த்தேன். விளக்குகள் அணைந்து, எனியோ மோரிக்கோனேயின் இசை எழுந்தது. 1966இல் வந்த ஒரு கௌபாய் படத்துக்காக அவர் போட்டது, 1983லிருந்து மெட்டாலிகா மேடையேறுவது அதில்தான். எல்லாக் கைகளும் மேலே போயின. அவள் தன் அப்பாவின் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையை உயர்த்தினாள்: நடுவிரலும் மோதிர விரலும் கட்டைவிரல் நுனியைத் தொட, மற்ற இரண்டும் நிமிர்ந்து.

"அப்பா, இது சிம்மமுகம்பா. எங்க மிஸ் சொல்லிக்குடுத்திருக்காங்க."

அண்ணன் தன் விரல்களைப் பார்த்தார். மடக்கியிருந்ததைப் பிரித்து, அவள் காட்டியதுபோல வைத்துக்கொண்டார். இரண்டு மணி நேரமும் அப்படியேதான் உயர்த்தினார். 'ஒன்' பாட்டில் போர்க்கள வெடிச்சத்தமும் நெருப்பும் வந்தபோது அவள் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் தாளத்தை விரலால் தொடையில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக மூன்று பேரும் சேர்ந்து போனது 2012 அக்டோபர் 20, ஸ்லேயர். பேலஸ் மைதானம் அல்ல, ஊருக்கு வெளியே வடக்கே ஓர் இடம். ஜெஃப் ஹன்னமன் உடம்பு முடியாமல் வரவில்லை. அவர் இடத்தில் கேரி ஹோல்ட் வாசித்தார். ஹன்னமன் அடுத்த மே மாதம் இறந்துபோனார். டிரம்ஸில் டேவ் லொம்பார்டோ இருந்தார். சில மாதங்களில் அவரும் குழுவில் இல்லை. நாங்கள் பார்த்தது ஒரு முடிவை என்று அப்போது தெரியாது.

கூட்டம் கலைந்து, ஆட்டோ கிடைத்து, கண்டோன்மென்ட் வந்தபோது மெயில் போய்விட்டிருந்தது. பத்து வருடத்தில் முதல்முறை. விடியற்கால வண்டிக்குக் காத்திருந்தோம். அண்ணன் பெஞ்சில் துண்டை விரித்துத் தூங்கிவிட்டார். கோடியூர்க்காரனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது, அடுத்த வாரம் கிளம்புகிறான். அதைப் பற்றிப் பேசாமல் மற்றதையெல்லாம் பேசினோம். பிறகு பேச்சு தீர்ந்தது. அவன் போனை எடுத்து, இயர்போனின் ஒரு முனையை என்னிடம் நீட்டினான். வலது காதுக்கு வேண்டாம் என்று இடது பக்கம் மாற்றிக்கொண்டேன்.

'ஹாலோட்'. மணியோசை, மெல்லிய தொடக்கம், பிறகு பாய்ச்சல். சோலோ வந்தது. ஏறிக்கொண்டே போனது. ஓரிடத்தில் அவன் கட்டைவிரல் திரையைத் தொட்டு நிறுத்தியது.

"இங்கதானே?"

"இங்கதான்."

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் யாரோ பிளாட்பாரத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் மறுபடியும் அழுத்தினான்.